நாலு வார்டு, நாலு சின்னம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதிவு மட்டும் பெற்று அங்கீகாரம் இல்லாத கட்சிகளை, 2025 ஆகஸ்ட்டில் 334, செப்டம்பரில் 474 என்று தேர்தல் ஆணையம் பட்டியலில் இருந்து எடுத்தது. அன்றிலிருந்து எங்கே திரும்பினாலும் "லெட்டர்பேடு கட்சிகள் ஒழிந்தன" என்றுதான் பேச்சு. டீக்கடையிலும் அதே, உங்கள் வாசகர் கடிதப் பகுதியிலும் அதே. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

டெல்டாவின் கடைமடையில் ஒரு பேரூராட்சி. அங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 27 வருடம் ஆகிறது. முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மாறுதல் மனு, குடிதண்ணீர் வரவில்லை என்ற மனு, பக்கத்து வீட்டுத் தாழ்வாரம் என் சுவரில் இடிக்கிறது என்ற மனு எல்லாம் என் கையால்தான் போகும். லெட்டர்பேடு கட்சி எனக்குப் புதிது இல்லை. இரண்டு கட்சிக்கு லெட்டர்பேடே நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஒன்றில் குடும்பத் தலைவர் மாநிலத் தலைவர், அவர் மனைவி மகளிரணி, மச்சான் இளைஞரணி. அந்தக் கட்சி இன்றுவரை எனக்கு 180 ரூபாய் பாக்கி. வருமான வரி விலக்குக்காகவே கட்சி நடத்துகிறவர்களும் நாட்டில் உண்டு. அவர்களை எடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

எடுப்பதற்கு வைத்த அளவுகோல்தான் உறுத்துகிறது. 2019-ல் இருந்து ஆறு வருடமாக ஒரு தேர்தலில்கூட நிற்காத கட்சிகள் என்றார்கள். எந்தத் தேர்தல்? மக்களவை, சட்டமன்றம், அவற்றுக்கு வரும் இடைத்தேர்தல். பேரூராட்சி வார்டில் நின்றாலும், ஜெயித்தே இருந்தாலும் அது கணக்கில் வராது. ஏனென்றால் அந்தத் தேர்தலை நடத்துவது டெல்லியில் இருக்கும் தேர்தல் ஆணையம் இல்லை, சென்னையில் இருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம். அது வேறு, இது வேறு. படித்தவர்களிலேயே பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த அன்று எங்கள் கட்சி பிறக்காமலே போய்விட்டது.

அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. அப்போது எங்கள் ஊரில் கவுன்சிலர் என்று ஒரு ஆள் கிடையாது. எங்கள் ஊரில் என்ன, தமிழ்நாட்டில் எந்தப் பேரூராட்சியிலும் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது, தனி அலுவலர் வைத்து ஓட்டினார்கள். புயலுக்கு மறுநாள் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் ஜனம் என் கடை வாசலில் வந்து நின்றது. எனக்கு மனு அடிக்கத் தெரியும் என்பது ஒன்றுதான் காரணம்.

கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் கிடக்கிறது, பிரிண்டர் கிடக்கிறது, எதற்கும் உதவாது. பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரை இறக்கினேன். ரிப்பன் காய்ந்து போயிருந்தது, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். நடுவில் கார்பன் வைத்து நாலு தாள் செருகி, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் வீட்டு வாரியாகப் பட்டியல் அடித்தேன். கூரை போன வீடு, சுவர் விழுந்த வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் ஆள் இருக்கும் வீடு. ரெமிங்டனில் 'ழ' பாதிதான் விழும். அதனால் பட்டியலில் எங்கள் ஊரில் மொத்தம் 340 வீடு "விழுந்தது" என்று இருக்காது, "இடிந்தது" என்றுதான் இருக்கும். ஓய்வு பெற்ற மின்வாரிய ஒயர்மேன் அண்ணன் ஒருவர், கீற்று முடையும் அக்கா ஒருவர், சைக்கிள் கடைப் பையன், இன்னும் ஏழெட்டுப் பேர் மரம் விழுந்து கிடந்த தெருக்களில் ஏறி இறங்கி அந்த விவரத்தைக் கொண்டுவந்தார்கள். தார்ப்பாய் லாரி வந்த அன்று அதிகாரிகள் கையில் இருந்த ஒரே பட்டியல் எங்களுடையது. அடிதடி இல்லாமல் ஒரு சாயங்காலத்தில் விநியோகம் முடிந்தது.

அப்புறம் அந்தப் பத்துப் பேரும் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடையில் கூடினோம். ஒரு நீட்டு நோட்டுப் போட்டோம்: தெரு, குறை, யாரிடம் மனு கொடுத்தோம், என்ன தேதி, என்ன ஆச்சு. வாரத்துக்கு ஆளுக்கு 10 ரூபாய். பெரிய கொள்கை எதுவும் இல்லை. சந்தைத் தெரு முனையில் வாய்க்கால் மதகு ஒன்று இருக்கிறது. சந்தைக் குப்பை பூராவும் அதில் போய் அடைத்து, ஐப்பசி மழைக்கு நாலு தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடைமடையில் எங்களுக்கு ஒன்று தண்ணீர் வராத கஷ்டம், இல்லாவிட்டால் போகாத கஷ்டம்.

கட்சியாகவே பதிவு செய்துவிடலாம் என்று சொன்னது சைக்கிள் கடைப் பையன். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் ஒரே சின்னத்தில் நிற்கலாம் என்பது அவன் எண்ணம். சரி என்று விதிகளை வாங்கிப் பார்த்தோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 29ஏ. கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். 10,000 ரூபாய்க்கு டிடி. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள 100 உறுப்பினர்கள், அவர்கள் வேறெந்தக் கட்சியிலும் இல்லை என்று ஆளுக்கு ஒரு பிரமாணப் பத்திரம். அப்புறம் இரண்டு தேசிய நாளிதழிலும் இரண்டு உள்ளூர் நாளிதழிலும் விளம்பரம். எங்களுக்கு முட்டுவது இந்த விளம்பரத்தில்தான் என்று நினைத்தோம். முட்டியது வேறு இடத்தில்.

நூறு பிரமாணப் பத்திரத்தை முப்பது நாளில் முடிப்பதென்றால் என்ன என்பது டைப் அடித்தவளுக்குத்தான் தெரியும். வாக்காளர் அட்டையில் "மு" என்று இருக்கும் இனிஷியல் ஆதாரில் "எம்" என்று இருக்கும். ஒருவர் பகலெல்லாம் நடவுக்குப் போய்விடுவார், நோட்டரி மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். இன்னொருவர் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான், "ஏன் தங்கச்சி, நான் இருபது வருசமா அந்தக் கட்சியில இருக்கேனே, கார்டுகூட இருக்கே" என்று சட்டைப் பையில் இருந்து எடுத்துக் காட்டுவார். ஆளுக்கு ஒரு 20 ரூபாய்ப் பத்திரம். 62 பேர் முடித்துவிட்டோம்.

63-வது ஆளுக்கு முந்தின நாள் ராத்திரி, கட்சியின் சட்டதிட்டத்தை நான் வாசிக்க, ஒயர்மேன் அண்ணன் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பதிவான ஐந்து வருடத்துக்குள் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தல் ஒன்றில் கட்சி போட்டியிடும் என்று அதில் உறுதி கொடுக்க வேண்டும். கட்டாயமான வாசகம் அது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "தேர்தல் ஆணையம்னா எது? பேரூராட்சி எலெக்‌ஷன் இதுல சேருமா?" யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டோம். சேராது என்றார்.

அன்று ராத்திரி என் கடையில் நடந்த சண்டையை மறக்க மாட்டேன். சைக்கிள் கடைப் பையன், "சட்டமன்றத்துக்கு ஒருத்தரை நிறுத்துவோம். டெபாசிட் 10,000 போனா போவட்டும், பதிவு நிக்கும்ல" என்றான். அண்ணன், "பத்துப் பத்து ரூபாயா சேர்த்த காசுடா அது. அதுவும் இல்லாம, எம்.எல்.ஏ. எலெக்‌ஷன்ல போய் நின்னுகிட்டு மதகைப் பத்திப் பேசுனா சிரிப்பானுவ. மதகை விட்டுட்டு வேற பேசுனா நாம எதுக்கு?" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீற்று முடையும் அக்கா மட்டும், "ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சே ஓட்டு கேக்குறது ஜனத்தை ஏமாத்துறது இல்லையா?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. பதிவை விட்டுவிட்டோம். பையன் மூன்று மாதம் கடைப் பக்கமே வரவில்லை.

அப்புறம் 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த தேர்தல். 15 வார்டில் நாலில் நின்றோம். ஆளுக்கு 1,000 ரூபாய் டெபாசிட். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது, எல்லோரும் ஒரே மட்டம். பேரூராட்சியில் அப்படி இல்லை. அங்கே கட்சிக்காரர்களுக்கு அவரவர் சின்னம், பிறந்ததில் இருந்து ஜனம் பார்த்துப் பழகியது. நாங்கள் சுயேச்சை. வேட்புமனு வாபஸ் பிப்ரவரி 7-ல் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். 17-ம் தேதி சாயங்காலம் பிரசாரம் ஓய்ந்தாக வேண்டும். பத்தே நாள். நாலு வார்டுக்கும் ஒரே சின்னம் கேட்டுப் பார்த்தோம். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சை கேட்டால் குலுக்கல். கடைசியில் ஒரு வார்டில் தென்னை மரம், ஒன்றில் வைரம், ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் பூட்டு சாவி.

ஒரே நோட்டு, ஒரே ஆட்கள், ஒரே மதகு, ஆனால் நாலு சின்னம். நோட்டீஸை நாலு விதமாக அடித்தேன். எங்கள் பையன்களே மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தார்கள்.

இதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னை மரம் நின்ற வார்டில் ஒரு பாட்டி. கஜா சமயத்தில் அவர் வீட்டுக்குத் தார்ப்பாய் வந்தது எங்கள் பட்டியலில்தான். அந்த நன்றியில், அடுத்த வார்டில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய், அந்தத் தெரு முழுக்க "நம்ம பிள்ளைகளுக்குத் தென்னை மரத்துல குத்துங்கடி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த வார்டில் எங்கள் சின்னம் தையல் மெஷின். தென்னை மரம் அங்கே வேறொரு சுயேச்சைக்கு. அவர் மனுப் போட்டதோடு சரி, ஒரு வீட்டு வாசல்படிகூட ஏறவில்லை. எண்ணிப் பார்த்தால் அவருக்கு 41 ஓட்டு. நாங்கள் தோற்றது 19 ஓட்டில். பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. இப்போதும் கடையைத் தாண்டிப் போகும்போது, "அன்னைக்கு நான் சொல்லித்தான் அந்தத் தெருவுல உங்களுக்கு அம்புட்டு ஓட்டு" என்பார்.

ஜெயித்தது ஒன்று. பெண்கள் வார்டு, கீற்று முடையும் அக்கா. மற்ற வார்டுகளில் ஒரு பெரிய அணிக்கு 7, இன்னொன்றுக்கு 6, வேறு ஒரு சுயேச்சை. தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள்தான். 15-ல் எட்டு வேண்டும். பிப்ரவரி 22 ஓட்டு எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 மறைமுகத் தேர்தல். நடுவில் இருந்த அந்தப் பத்து நாளில் அக்கா வீட்டுச் சந்துக்குள் வந்து போன கார்களை அந்தச் சந்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. திருப்பவும் இடமில்லாமல் பின்னாலேயே போகும்.

நாங்கள் உட்கார்ந்து பேசினோம். யார் மதகைத் தூர் வாரிக் கதவு மாற்றித் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு ஓட்டு என்று முடிவு செய்தோம். இதையும் பேரம் என்று சொல்லலாம், சொல்லட்டும். ஒரு தரப்பு எழுதிக் கொடுத்தது. அதை அடித்ததும் நான்தான். அந்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் மதகு தூர் வாரி, புதுக் கதவு போட்டார்கள். நாலு தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. நான் இந்தக் கடிதம் எழுதும் இன்றும் வெளியே மழை பெய்கிறது, சந்தைத் தெருவில் நடந்துதான் போகிறார்கள்.

மறு வருடம் அக்கா அந்தத் தரப்பின் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "தனியாளா கையத் தூக்கித் தூக்கிப் பாத்தேன் தங்கச்சி, என் வார்டுக்கு ஒரு லைட்டு வாங்க முடியல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான். கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே 1999-ல் தனிச் சட்டம் போட்டார்கள். ஆனால் எந்தச் சட்டம் இருந்து என்ன? காகிதத்தில் நாங்கள் என்று ஒன்று இருந்தால்தானே அக்கா அதைவிட்டுத் தாவினார் என்று சொல்ல முடியும்.

என் கோரிக்கை பெரியது இல்லை. ஊர் விஷயத்துக்காக மட்டும் நிற்கும் கட்சிகளுக்கு மாநிலத் தேர்தல் ஆணையமே தனியாக ஒரு பதிவேடு வைக்கட்டும். மகாராஷ்டிரத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்சிகளைப் பதிவு செய்கிறது. கணக்குக் காட்டாதவற்றை நீக்கவும் செய்கிறது. இங்கேயும் நூறு பேர் வேண்டாம், ஒரு பேரூராட்சிக்கு முப்பது பேர் போதும் என்று வைக்கலாம். தொடர்ந்து இரண்டு உள்ளாட்சித் தேர்தலில் நிற்காவிட்டால் நீக்கட்டும், வரவு செலவைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லட்டும். நாங்கள் ஏற்கெனவே கடைக் கதவில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவும் முடியாதென்றால், ஒரே ஊரில் சேர்ந்து நிற்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சுயேச்சைகளுக்கு அந்த ஊர் அளவிலாவது ஒரே சின்னம் கொடுக்கட்டும்.

இப்படித் திறந்துவிட்டால் தெருவுக்கு ஒரு கட்சி, சாதிக்கு ஒரு கட்சி முளைக்கும் என்பார்கள். பயம் நியாயமானதுதான். காசுள்ளவர்கள் ஊரையே வாங்கிவிடுவார்கள் என்றும் சொல்வார்கள். கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தில் 2015-ல் ட்வென்டி20 என்ற அமைப்பு 19 வார்டில் 17 பிடித்தது. பின்னால் இருந்தது ஒரு பெரிய ஆடை நிறுவனம். அந்த மாதிரியை நான் கேட்கவில்லை. முதலாளி நல்லவராக இருக்கும்வரை நல்லது நடக்கும் என்பது பஞ்சாயத்து ஆகாது. ஆனால் அவர்களுமே 2021-ல் எட்டுச் சட்டமன்றத் தொகுதியில் நின்று ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஊரில் பிடித்த பேர் தொகுதியில் பிடிக்காது. அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை, அளவு வேறு அவ்வளவுதான். தாலியை நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை யாரும் வைப்பதில்லை.

இன்னொன்று. உள்ளாட்சிக் கட்சி என்றால் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டுமே. ஐந்து வருடம் முடியும் முன் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் 243இ-யிலும் 243யு-விலும் எழுதி வைத்திருக்கிறது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலரைத்தான் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் இப்போது மனு அடிக்க வந்தால், யார் பெயருக்கு அடிப்பது என்று என்னையே கேட்கிறார்கள். ஆறு வருடம் தேர்தலில் நிற்காத கட்சியை நீக்குகிறார்கள், சரி. ஐந்து வருடத்துக்கு மேல் பேரூராட்சித் தேர்தல் நடத்தாதவர்களை யார் நீக்குவது?

பேரூராட்சிகளின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் விதியை மாற்ற நேரம் இருக்கிறது. சைக்கிள் கடைப் பையன் திரும்பி வந்துவிட்டான், கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருக்கிறது. நீட்டு நோட்டு ஐந்தாவது ஓடுகிறது.

அந்த 62 பிரமாணப் பத்திரமும் என் மேஜையின் கீழ் டிராயரில் சிவப்பு நாடா கட்டியபடி கிடக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். 62 பேரில் நாலு பேர் இப்போது இல்லை. மூன்று பேர் மாநிலக் கட்சிகளுக்குப் போய்விட்டார்கள். மீதி 55 பேருக்குப் புதிதாக அடித்தாக வேண்டும். 20 ரூபாய்ப் பத்திரம் 2024-ல் இருந்து 200 ரூபாய்.

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கடைக்கு எதிரே இருப்பது அரசாங்க அலுவலகம், நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரி,
கடைமடைப் பகுதி